ஒரு பீப் என்றால் நடக்கலாம்

போன பதிவுக்கு வந்த பின்னூட்டத்தில் ஒருவர், திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு பஸ் உண்டா, ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும். நான் ஒரே வாரத்தில் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை வேலையாகப் போனேன். இரண்டாவது தடவை சிறுமலைக்கென்று கிளம்பவே இல்லை. பழனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவள், ஒட்டன்சத்திரத்தில் திரும்பி பஸ் ஏறினேன். அது 2006 தைப்பூசம். எனக்கு அப்போது பதினேழு வயது. இப்போது கோவையில் விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதும்போது அந்த வாரம் மட்டும் தனியாக நினைவில் நிற்கிறது. அதனால் பஸ் நேரத்தோடு கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமா, அதாவது அப்பாவின் தங்கை கணவர், பழனி ரோட்டில் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருந்தார். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக்குறியோடு மற்றவர்களிடம் ரேடியோவில் பேசுகிறவர்கள் இவர்கள். சிறுமலையில் தெரிந்தவர் தோட்டத்தில் ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறையில் மாமாவின் ரேடியோ செட் இருந்தது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காக வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். ஒவ்வொரு பந்தலிலும் மாமாவின் நண்பர் ஒருவர் கையடக்க செட்டோடு நிற்பார். காணாமல்போன பிள்ளை, மயங்கி விழுந்தவர் என்று சேதி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன செட்டுகள் தூரம் எட்டாது. மலைமேல் இருக்கிற செட்தான் ஒருவர் பேசுவதை வாங்கி மற்றவர்களுக்குக் கேட்கும்படி திருப்பி அனுப்பும். அது நின்றால் எல்லாம் நின்றது. அதனால் வருடா வருடம் தைப்பூசத்துக்கு மாமா மலையில் பேட்டரிக்குக் காவல் உட்கார்ந்திருப்பார்.

அத்தைக்கு இதுதான் பிரச்சினை. மாமா மஞ்சள்காமாலையில் படுத்துக் கிடந்தபோது, பிழைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து பழனிக்கு நடந்து வருகிறோம் என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தார். பிழைத்து இரண்டு தைப்பூசம் போய்விட்டது.

"கோர்ட்டுல கூட இம்புட்டு வாய்தா குடுக்க மாட்டாங்க. இந்த வருசமும் மலையிலதான் உக்காருவேன்னா நான் தனியா நடந்துருவேன். முருகன் கேட்டா உங்க அட்ரஸைக் குடுத்துட்டு வாரேன்" என்றார்.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தேன். யாரிடமும் அதிகம் பேசவேண்டாத வேலை. ஆள் வராத நேரத்தில் விஷுவல் பேசிக்கில் புரோகிராம் எழுதப் பழகினேன். எனக்கு அது படம் வரைவதுபோல இருந்தது. பட்டனை, பெட்டியை, விளக்கை மவுஸால் இழுத்து வைக்கவேண்டியது. ஒவ்வொன்றும் என்ன செய்யவேண்டும் என்று நாலு வரி எழுதவேண்டியது. இதைக் கேள்விப்பட்ட மாமா, "பேட்டரிய உன் கம்ப்யூட்டரு பாத்துக்குமா தாயி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

திரையில் மூன்று மீட்டர் வரைந்தேன். பேட்டரி வோல்டேஜ், செட்டின் சூடு, கரண்ட் இருக்கிறதா இல்லையா. அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பெட்டியை மாமா செய்தார். அரைமணிக்கு ஒருதரம் மாமாவின் அழைப்புக்குறி மோர்ஸ் தந்தி ஒலியில் போகும். கூடவே எல்லாம் சரியென்றால் ஒரு பீப், பேட்டரி இறங்கினால் இரண்டு பீப். அரைமணி வரைக்கும் காத்திருக்காமல் அனுப்ப, ஒரு பீப்புக்கு ஒன்று, இரண்டு பீப்புக்கு ஒன்று என்று இரண்டு பட்டனும் வைத்தேன். இது சரியாக வேலை செய்தால் மாமா நடக்கலாம்.

பூசத்துக்கு ஆறு நாள் முன்னால் மாமா, அத்தை, நான் மூவரும் முதல் பஸ்ஸில் போனோம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காலை 6.15. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், அப்போது டிக்கெட் ஒன்பது ரூபாய். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. வளைவு ஏற ஏறக் காது அடைக்கும். ஜன்னல் வழியாக வரும் காற்றின் வாசனை மாறும். மேலே வாழைத்தார் சுமந்து குதிரைகள் எதிரே வரும். அவற்றுக்கு பஸ் வழிவிட்டு நிற்கும்; யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

கொண்டுபோன பழைய கம்ப்யூட்டரை மாட்டி முடித்தோம். மீட்டரில் முள் பன்னிரண்டரையில் நின்றது. அழகாக இருந்தது. மாமா மைக்கை எடுத்து அமுக்கிப் பேசினார். முள் ஒன்பதுக்கு விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கை விட்டார், முள் எழுந்து நின்றது.

"நான் பேசுனாலே மயங்கி விழுகுதே உன் முள்ளு."

"எங்க வீட்லயும் அப்பிடித்தான்" என்றார் அத்தை, அறையைப் பெருக்கிக்கொண்டே.

மாமா தனி மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தார். அதில் முள் அசையவே இல்லை. அப்படியென்றால் தப்பு என் புரோகிராமில். எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மதியம்வரை பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மாமா வெளியே போய் நின்றுகொண்டார். "பரவால்ல தாயி, நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்று அங்கிருந்தே சொன்னார். அத்தை பெருக்கிய அறையையே மறுபடி பெருக்க ஆரம்பித்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன் மாமா கடைசியாக ஒருதரம் மைக்கை அமுக்கினார். அந்த நேரம் அத்தை, தரையில் கிடந்த ஒயர் காலைத் தடுக்குகிறதென்று அதை விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளினார். விழுந்த முள் பாதி ஏறியது. நான் ஒயரைக் கையில் பிடித்தேன். இன்னும் ஏறியது. பேட்டரியில் இருந்து வரும் அந்த நீள ஒயர், ஆன்டெனாபோல மாமா பேசுகிற அலையை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. வரைந்த மீட்டரிலும் எழுதிய வரிகளிலும் தப்பில்லை. ஒயரைப் பாதியாக வெட்டி, அலையைத் தடுக்கும் ஒரு கறுப்பு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, சுவர் ஓரமாகக் கொண்டுவந்தோம். மாமா பேசினார். முள் நின்ற இடத்தில் நின்றது.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாமா தனியாகப் போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வந்தார். மானிட்டரை அணைக்க மனம் வரவில்லையாம். "எரியட்டும், பாக்க அம்புட்டு அழகா இருக்கு" என்றார். நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை திண்டுக்கல்லில் இருந்து நடக்க ஆரம்பித்தோம். எனக்கு வேண்டுதல் ஏதும் இல்லை. அத்தைக்குத் துணையாகப் போனேன். பழனி சுமார் அறுபது கிலோமீட்டர். ரெட்டியார்சத்திரம் தாண்டும்வரை வெயில் தெரியாது. அதற்குப்பின் புளியமரத்து நிழல் வந்தால் வேகமாக நடப்பதும், நிழல் முடிந்தால் அடுத்ததைப் பார்ப்பதுமாகப் போகும். மாமா செட்டைக் காதோரம் வைத்துக்கொண்டே வந்தார். அரைமணிக்கு ஒருமுறை ஒரு பீப். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அத்தை ஒருதரம், "சாமி பேரச் சொல்லுவீங்கன்னு பாத்தா பேட்டரியவே கும்புட்டுக்கிட்டு வாரீக" என்றார். ஆனால் அவரும் பீப்புக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இருட்டுவதற்குள் ஒட்டன்சத்திரம் வந்து ஒரு மண்டபத்தில் தங்கினோம்.

காலையில் கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்து, சாவகாசமாகக் கிளம்பி, மார்க்கெட் பக்கம் டீக்கடையில் நின்றோம். ஒட்டன்சத்திரம் வந்தாலே பேச்சு மாறிவிடும். "ஏனுங்க, மூணு டீயுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். டீ கைக்கு வந்தபோது மணி ஒன்பதரை ஆனது. இரண்டு பீப்.

மாமா செட்டையே பார்த்தார். உடனே பந்தல்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். "அண்ணே, ரெண்டு அடிக்குதே?" "பாத்துக்கிட்டிருக்கேன், பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் மாமா. என்னிடம் திரும்பி, "இன்னும் அஞ்சு மணி நேரம் தாங்கும். பக்கத்துல இன்னொரு பேட்டரி இருக்கு, மாத்தணும். நான் போயிட்டு வந்துர்றேன். செத்த நேரம் இங்கனயே இருங்க" என்றார்.

"போக நாலு மணி, வர நாலு மணி, அதுக்குப் பேரு செத்த நேரமா?" அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "நடந்து வாரேன்னுதான் வேண்டினது. நடுவுல பஸ் ஏறினா மறுபடி திண்டுக்கல்லேருந்துதான் நடக்கணும். அடுத்த வருசம் என்ன சாக்கோ."

"என்னய என்ன செய்யச் சொல்ற? ரோடு பூரா சனம் நடக்குது."

"நான் எதுவுமே சொல்லல. போயிட்டு வாங்க."

நான் போகிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"நீயா? நீ தனியா எங்கிட்டும் போனதில்லையேடி" என்றார் அத்தை. மாமா இடுப்புக் கயிற்றில் இருந்து சாவியை அவிழ்த்தார். "மைக்க மட்டும் தொட்டுறாத, உனக்கு லைசென்ஸ் இல்ல. பட்டன அமுக்கு. ஒரு பீப் வந்தா நாங்க நடப்போம்."

டீயைக் குடிக்காமலே பஸ் பிடித்தேன். ஒட்டன்சத்திரத்தில் இருந்து திண்டுக்கல் ஒன்றேகால் மணி நேரம். யாத்திரைக் கூட்டத்தால் அன்று கூடுதலாக ஆனது. சிறுமலை பஸ் 12.15. கண்டக்டரிடம் ஊர் பேரைச் சொன்னேன். "யாருகிட்டம்மா சொல்ற, ஜன்னல்கிட்டயா?" என்றார். பின்சீட்டில் சிரித்தார்கள். சத்தமாக "சிறுமலை" என்றேன். "கேட்டுருச்சு, கேட்டுருச்சு, மலைக்கே கேட்டுருச்சு" என்று டிக்கெட் கிழித்தார்.

மேலே பனிமூட்டம் விலகவில்லை. குதிரை ஓட்டிக்கொண்டு வந்தவர், "நேத்து ராவுலேருந்து கரண்டு இல்ல" என்றார். கதவைத் திறந்தேன். ஆளே இல்லாத இருட்டு அறையில் மானிட்டர் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. என் மூன்று மீட்டரும் அழகாகத் தெரிந்தன. நடுவில் சிவப்பு விளக்கு. கரண்ட் போனபின் அந்தப் பெரிய மானிட்டரும் அதே பேட்டரியில்தான் எரிந்திருக்கிறது. பேட்டரி இறங்குகிறதா என்று பார்க்க வைத்த திரையே அதைக் குடித்துக்கொண்டிருந்தது. பேட்டரிக் கடை வைத்திருக்கும் மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பின்னால் இதை மாமாவிடம் சொன்னபோது, "அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றார்.

கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்திவிட்டு, கவ்விகளைக் கழற்றி அடுத்த பேட்டரியில் மாட்டினேன். அந்தக் கொஞ்ச நேரம் செட் செத்துக் கிடந்தது. திரும்பப் போட்டதும் முதலில் வந்த குரல், "அண்ணே, லைன்ல இருக்கீகளா?" என்று யாரோ கேட்டது. கம்ப்யூட்டர் மறுபடி ஓடி, முள் பன்னிரண்டரைக்கு வந்ததும் பட்டனை அமுக்கினேன். மாமாவின் அழைப்புக்குறி, பிறகு ஒரு பீப்.

பிறகு மாமாவின் குரல். "கேட்டுச்சு தாயி. நடக்குறோம்."

பின்னால் அத்தை ஏதோ சொல்வது கேட்டது. மாமா மறுபடி வந்தார். "உங்க அத்த சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்றா. சாப்பிட்டா ஒண்ணு, இல்லைனா ரெண்டு."

நான் காலையில் இருந்து சாப்பிடவில்லை. ஆனால் இரண்டு அமுக்கினால் பழனி வரைக்கும் எல்லாப் பந்தலிலும் பேட்டரி போச்சென்று பதறுவார்கள். ஒன்றை அமுக்கினேன். மானிட்டரை அணைத்து, கதவைப் பூட்டி, நேரே டீக்கடைக்குப் போய் இரண்டு பன் தின்றேன்.

மாலை 4 மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். நாலரைக்குப் பாதி மலையில் இருந்தேன். கீழே சமவெளி முழுவதும் மஞ்சள் வெயில். மேற்கே எங்கோ அந்த ரோட்டில் அவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். இந்நேரம் ஒரு பீப் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோவையில் எத்தனையோ பஸ்ஸில் தனியாகப் போய்விட்டேன். அந்த பஸ்போல வேறொன்று அமையவில்லை.

போகிறவர்களுக்கு: நான் சொன்ன பஸ் நேரமும் கட்டணமும் இரண்டு வருடம் பழையவை, பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை முதல் பஸ்ஸில் ஏறி மாலை இறங்குவது நல்லது. தை மாதம் என்றால் ஸ்வெட்டர் வேண்டும். திரும்பும்போது மலை வாழைப்பழம் வாங்கி வாருங்கள், தோல் கறுத்தாலும் பழம் கெடாது. மேலே சாப்பாட்டுக் கடையை நம்பாதீர்கள், கட்டிக்கொண்டு போங்கள்.

நான் மலை இறங்கிய மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்கு எனக்கு போன் வந்தது. அத்தை பழனி அடிவாரத்தில் ஒரு பூத்தில் இருந்து பேசினார். பின்னால் காவடி மேளம். மாமாவுக்குக் கால் கொப்புளம், மொட்டை போடப் போயிருக்கிறார் என்றார். பிறகு கேட்டார்.

"நெசமாவே சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன் அத்தை."

"பட்டன அமுக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"