கயிற்றில் வந்த மூன்று இழுப்பு

மரம் வெட்ட ஏறுகிறவனின் வேலை நல்லதா கெட்டதா என்று பார்க்கச் சனம் அண்ணாந்து நிற்கும். எனக்குச் சிரிப்புத்தான் வரும். சரசரவென்று ஏறினால் போதும், "ஆள் சூரன்" என்பார்கள். வேகத்தில் என்ன இருக்கிறது? குரங்கும்தான் ஏறுகிறது. அவசரப்படுகிறவனை நான் என் வீட்டு முருங்கையில்கூடக் கால் வைக்க விடமாட்டேன்.

நான் கீழே நின்று கயிறு பிடிக்கிறவன். மேலே ஏறுகிறவன் என் மச்சான், தங்கச்சியின் மாப்பிள்ளை. அவன் இடுப்பில் கட்டிய கயிறு, அவன் தலைக்கு மேலே உள்ள ஒரு கிளைக் கவட்டைக்குள்ளால் போய், திரும்ப இறங்கி என் கைக்கு வரும். இலை மறைத்தால் ஆள் தெரியாது. எனக்கு ஆள் தெரியவும் தேவையில்லை. கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து என் கைக்கு வந்தால், கால் வைக்குமுன் ஒவ்வொரு கிளையையும் தட்டிப் பார்க்கிறான் என்று அர்த்தம். வருவது நின்று, வெகுநேரம் அசையாமல் இருந்தால், வெட்டப் போகும் கிளையை முதலில் கட்டுகிறான். பிறகு மரம் அரிகிற வாளின் சத்தம் கேட்கும்: அடிப்பக்கம் சின்னதாக ஒரு வெட்டு, அதற்கப்புறம்தான் மேலேயிருந்து அரிவான். அப்படிச் செய்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு வராது. கயிறு வெடுக்கென்று துடித்தால் மேலே இருப்பவன் பயந்துவிட்டான்.

கயிறு பிடிக்கிறவனுக்கும் ஒரு சட்டம் உண்டு. மேலே வாள் பிடித்திருப்பவனை, அவன் கேட்காமல் இழுக்கவே கூடாது. இழுத்தால் வாள் அவன் தொடைக்குள் இருக்கும்.

இதெல்லாம் நாங்கள் கடலில் பழகியது. கண்டக்குழியிலிருந்து கடலட்டை பிடிக்கப் போன காலத்தில் மச்சானும் அவன் தம்பியும் முங்குவார்கள், நான் வள்ளத்தில் இருந்து அவர்களின் கயிற்றைப் பிடிப்பேன். மேலே வர வேண்டுமென்றால் மச்சான் நீளமாக இரண்டு இழுப்பு இழுப்பான். தம்பிக்காரனுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அவனுடையது மூன்று, குட்டிக் குட்டியாக, ஒன்றின் வாலைப் பிடித்து மற்றது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இது இன்னாருடைய கை என்று.

தம்பி மௌத்தான அன்று நான் வள்ளத்தில் இல்லை. எத்தாளையில் ஒரு கலியாணம். கயிறு மச்சானின் கையில் இருந்தது. கயிறு அசையவே இல்லையாம். நேரம் போய்விட்டதே என்று இவனாக இழுத்தபோது ஆள் வந்தான், உயிர் வரவில்லை. அன்றோடு மச்சான் கடலை விட்டான். அதே கயிறுகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மரத்துக்கு வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி அவனை விடவில்லை. சாப்பிடும்போது கேட்பான், பஸ்ஸில் கேட்பான்.

"அவன் இழுக்கவே இல்லியா மச்சான்? இல்லாட்டி இழுத்தது என்ட கைக்கு வெளங்கல்லியா?"

"அல்லாஹ்ட நாட்டம்" என்பேன். அது அவனுக்குப் போதவில்லை.

ஊரில் மௌத்தானவர்களை அடக்கும் மையவாடியில் நின்ற புளியமரத்தை வெட்டச் சொல்லிப் பள்ளிவாசலில் இருந்து ஆள் வந்தது சோளகக் காற்றுக் காலத்தில். பாதி மரம் பட்டுப்போய், கிளைகள் கபுர்களுக்கு மேலே சாய்ந்து நின்றன. அடியோடு சரிக்க முடியாது, துண்டு துண்டாக இறக்க வேண்டும், ஒரு கபுருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்றார்கள். தம்பியை அடக்கியிருப்பதும் அந்த மரத்தடியில்தான். வேண்டாம் என்று நான் சொன்னேன். மச்சான் கேட்டால்தானே?

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, கபுராளிகளுக்கு ஸலாம் சொல்லி உள்ளே போனோம். சோளகத்தில் எங்கள் பக்கத்தில் காற்று மூச்சு விடாது. பேச்சையே அள்ளிக்கொண்டு போகும். அன்றைக்கு மச்சான் ஏறி உச்சிக் கிளைக்குப் போனதும் காற்று நின்றுவிட்டது. சும்மா குறைந்தது அல்ல, நின்றது. ஒரு காகம் இல்லை. மதிலுக்கு வெளியே பூவரச மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன, அது என் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே ஒரு புளியிலைகூட அசையவில்லை. என் கையில் கயிறு ஈரமாக இருந்தது. கடல் கயிறு உப்பு ஊறியது, ஈரம் இழுக்கும், தெரியும். ஆனால் அந்த வெயிலிலா? சட்டையில் கையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பிடித்தேன். திரும்பவும் ஈரம்.

மேலே வாள் அரியும் சத்தம். ஒழுங்கான சத்தம்.

அப்போது கயிற்றில் வந்தது. மூன்று. குட்டிக் குட்டியாக, ஒன்றின் வாலைப் பிடித்து மற்றது.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். சட்டமும் இல்லை, மண்ணும் இல்லை, கை தானாக இழுத்தது. கடலில் இழுக்கிற மாதிரி, முழு உடம்பையும் பின்னால் போட்டு இழுத்தேன்.

"ஒனக்குப் பைத்தியமா?" மேலேயிருந்து மச்சான் கத்தினான். "வாள் கையில இரிக்கி! என்னத்துக்குத் தூக்குறாய்?"

அவன் வாய் மூடவில்லை, சடாரென்று ஒரு முறிவு. வெட்டிக்கொண்டிருந்த கிளை அல்ல. அவன் மிதித்து நின்ற கிளை, தட்டிப் பார்த்து நல்லதென்று கால் வைத்த கிளை, அடியோடு பிளந்து விழுந்தது. உள்ளே முழுக்கக் கோறை, வெறும் பொந்து. மச்சான் என் கயிற்றில் தொங்கினான். கயிறு தளர்வாக இருந்திருந்தால் கிளையோடு அவனும் வந்திருப்பான். விழுந்த கிளை நடைபாதையில் கிடந்தது. அதன் நுனி இலைகள் மட்டும் தம்பியின் கபுரில் நட்ட மீசான் கல்லில் படிந்திருந்தன.

மெல்ல இறக்கினேன். கால் நிலத்தில் பட்டதும் அவன் கேட்டான்.

"கோறை எண்டு எப்பிடித் தெரியும் ஒனக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீதானே இழுத்தாய்."

"நான் இழுக்கல்ல. ஒரு கையில வாள், மத்தக் கையால கொப்பப் பிடிச்சிரிந்த."

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"எத்தின இழுப்பு?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "மூணு," என்றேன்.

அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு போய்த் தம்பியின் கபுருக்குப் பக்கத்தில் இருந்தான். மறுமுனை மரத்திலிருந்து சும்மா தொங்கியது. கடலில் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு இருந்தான். பின்னேரம் அஸர் பாங்கு சொன்னது, எழும்பவில்லை. காற்று திரும்ப வந்தது, அப்போதும் எழும்பவில்லை. எனக்குப் பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"எழும்பு மச்சான். பொழுது படுது, மஹ்ரிபாகப் போகுது."

"அண்டைக்குக் கடல்ல எனக்கு ஒண்டுமே தரல்ல," என்றான், கயிற்றைப் பார்த்தபடி. "கூடப் பொறந்தவன் நான். இண்டைக்கு ஒனக்குத்தானே தந்திரிக்கான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

"மடையா," என்றேன். "கயிறுதான் என்ட கையில இரிந்த. அவன் தூக்கச் சொன்னது ஒன்னத்தானே."

அவன் கயிற்றை விட்டான்.