பின் சில்லுக் காற்று

உப்புவெளிக் கடற்கரை மணலில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்த அப்போது இரண்டு சங்கங்கள் மல்லுக்கட்டின. பழைய சங்கத்துக்குச் சொல்லாமலே நான் மற்றதில் சேர்ந்துவிட்டேன்.

"மாறினவன்ர காலை முறிப்பம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

பந்தயத்தன்று பயத்தில் பழைய சங்கத்து ஆட்கள் வருகிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படும் நேரம், பின்னால் 'உஸ்' என்றது. பழைய சங்கத்து மெக்கானிக் ரசீத் நானா என் மோட்டார் சைக்கிளின் பின் சில்லில் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைக் கொல்லவோ வந்தனீங்கள்?" என்று கத்தி அவர் கையை உதைத்தேன்.

"இந்த இறுக்கத்தோட மணல்ல ஓடினா பிரண்டு போகும், தம்பி. காத்துக் குறைக்க மறந்திட்டீங்க."

மூன்று வருடமாக எனக்கு அதைச் செய்துவந்தவர் அவர்தான். கையைத் தடவியபடி முன் சில்லுக்குக் குனிந்தார்.

எத்தனையாவதாக வந்தேனோ, நினைவில்லை. எங்காவது காற்று இறங்கும் சத்தம் கேட்டால் இன்றும் என் கால் கூசுகிறது.