எஃகில் கட்டைவிரல் அகலம்

மகளுக்கு அப்போது எட்டு மாதம். அவளை யாரிடமும் விட்டுப்போக எனக்கு மனம் வராது, விட்டுப்போக ஆளும் இல்லை. வியாழக்கிழமைகளில் அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டே துபாயில் அல் கூஸ் பகுதியில் கணவர் வேலை பார்த்த பட்டறைக்குப் போவேன். பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் இடம் அது. முதலாளி வயதான அரபுக்காரர், எங்கள் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலும் அவர்தான். முதலாளி என்ற அர்த்தத்தில் எல்லோரும் அர்பாப் என்று கூப்பிடுவார்கள். தன்னிடமிருந்த துப்பாக்கிகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் குறிப்பு டைப் செய்ய அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. "என் மிஸஸ் எம்.ஏ. இங்கிலீஷ்" என்று கணவர் சொல்லிவிட்டார்.

எனக்குத் துப்பாக்கி என்றாலே பயம். ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"குண்டு இல்லையே?"

"திறந்து காட்டினேனே."

"இன்னொரு தடவை பாத்துடுங்க. குழந்தை இருக்கா."

"குழந்தை சுடமாட்டா. நீ சுட்டுடாதே, போதும்."

அன்று மேசையில் இருந்தது லண்டனில் நூறு வருஷத்துக்கு முன்னால் அளவு கொடுத்துச் செய்த துப்பாக்கி. ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோலக் கைநீளம், தோள், கழுத்தெல்லாம் அளந்து, தோளில் வைக்கும் மரக்கட்டையைச் செதுக்குவார்களாம். இந்தக் கட்டை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் குட்டை. "பொம்பளைக்குச் செஞ்சது" என்று கணவர் அதை என் தோளில் வைத்துப் பார்த்தார். எனக்கே அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வால்நட் மரம், ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் நாள்கணக்கில் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு. முன்நுனியில் எருமைக்கொம்பு. குறி பார்க்கச் சின்னச் சின்ன மடிப்புத் தகடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் தங்கத்தில் மெல்லிய கோடு. கட்டையின் அடிப்பக்கம் முட்டை வடிவில் ஒரு வெள்ளித் தகடு. அதில் அந்தப் பெண்ணின் பெயருக்கான முதலெழுத்துகள்.

வெள்ளி கறுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் கறுத்த வெள்ளியை விபூதி போட்டுத்தான் தேய்ப்போம். குழந்தைக்கு வைக்கவென்று பர் துபாய் கோயில் விபூதி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். கணவர் உள்ளறையில் இருந்தார். கேட்டிருக்கலாம். சும்மா டைப் மட்டும் செய்துவிட்டுப் போகிறோமே, கூட ஒரு உதவியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தகடு பளிச்சென்று ஆனது. அந்தச் சந்தோஷத்தில், அதற்கு முன்னால் இடது பக்கம் எஃகுப் பகுதியில் நீலமும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாய் இருந்த கறையையும் அழுத்தித் தேய்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு வெளுத்தது.

அதன் பிறகுதான் டைப் செய்ய உட்கார்ந்தேன். கணவர் பென்சிலில் எழுதித் தந்திருந்த மூன்றாவது வரி: எஃகை எலும்புக்கரியில் புதைத்துக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும்போது உண்டாகும் மேகம் போன்ற நிறங்கள், இதில் அன்று போட்டபடியே இருக்கின்றன.

நான் கறை என்று நினைத்தது அதைத்தான்.

துணியைப் போட்டு மூடினேன். உடனே எடுத்தேன். அர்பாப் விசாவை ரத்து செய்தால் எத்தனை நாளில் கிளம்ப வேண்டும், இந்தக் குழந்தையோடு எங்கே போவோம் என்றெல்லாம் மனசு ஓடியது. கணவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் வெளுத்த இடத்தை விரலால் தடவினார்.

"திரும்ப வராதாங்க?"

"காய்ச்சினா புதுசா வரும். இது வராது. நான் செஞ்சதா சொல்லிக்கிறேன். நீ பேசாம இரு."

அர்பாப் உள்ளே வந்ததும், அவர் வாய் திறப்பதற்குள் நானே உடைந்த இந்தியில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவர் துப்பாக்கியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதைப் போட்டுத் தேய்த்தாய்?"

"சாம்பல். குழந்தை நெற்றியில் வைப்பது."

"எதற்கு வைப்பீர்கள்?"

"அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று."

தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். "இதற்கு ஆகிவிட்டதே, மகளே" என்றார். நான் அழுதுவிட்டேன்.

"இவர் வேலை..."

"இவனுடைய வேலை துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது. உன்னைப் பழுதுபார்ப்பதா? அவன் வேலை இருக்கட்டும். ஆனால் நடந்ததைக் குறிப்பில் எழுது. எனக்குப் பிறகு வாங்குகிறவன் ஏமாறக் கூடாது. இனிமேல் டைப் மட்டும். தேய்ப்பது மாஃபி, கிடையவே கிடையாது."

அவர் போனதும் தட்டினேன். இடது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு நிறம் அழிந்துள்ளது, குறிப்பு எழுதியவரின் தவறு. கணவர் பின்னால் நின்று படித்தார்.

"கடைசியில இருக்கறதை எடு. பட்டறையில் நேர்ந்ததுன்னு போடு."

"நீங்க செய்யலையே."

"நீ எங்க இருந்தே? பட்டறையிலதானே? போடு."

மாற்றிக்கொண்டிருக்கும்போது மகள் எழுந்து அழுதாள். அவர் கை கழுவாமலே போய்த் தூக்கிக்கொண்டார். கையெல்லாம் அழுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, பட்டறையில் நேர்ந்தது என்று தட்டி முடித்தேன்.