நிக்கல் தூளும் ஆயுத பூஜையும்

தொண்ணூறுகளில், மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் தெங்காவில் ஒரு பேட்டரி தொழிற்சாலை. அதன் ஆய்வுக்கூடத்தில் நானும் இன்னொரு தமிழரும் தூள் உலர்த்தும் ஒரே அடுப்பைப் பங்கிட்டுக்கொண்டோம். பங்கீடு என்பது நாகரிகத்துக்காக. என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை அண்ணே என்பேன். அந்தச் சொல்லை அவ்வளவு வெறுப்போடு சொல்ல முடியும் என்று அங்கேதான் கற்றேன்.

லித்தியம் பேட்டரியின் மின்முனைக்கு நான் நிக்கல் தூள் செய்தேன், அவர் மாங்கனீசு. என்னுடையதில் மின்சாரம் நிறைய நிற்கும். ஆனால் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். பினாங்குக்கு இதைவிடப் பொருந்தாத ஒன்றைத் தேடினாலும் கிடைத்திருக்காது. அவருடையது கொள்ளளவு கம்மி, கல்லு மாதிரி அசையாது. ஆளும் அப்படித்தான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன், தோற்றவன் ஜெயித்தவனுக்கு எடுபிடி என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. தராசு முதல் அடுப்பு வரை எல்லாவற்றுக்கும் அண்ணன் சந்தனம், குங்குமம் வைத்தார். எந்திரங்கள் ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டுமென்று மெயின் சுவிட்சையும் அணைத்தார். அடுப்புக்குள் என் தூள், காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில் உலர்ந்துகொண்டிருந்தது. பம்ப் நின்றால் ஈரக்காற்று நுழையும். நானோ கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சுண்டலுக்குப் போயிருந்தேன்.

மறுநாள் முதலாளி முன்னிலையில் தூளைப் பசைக் கரைசலில் கலந்தேன். தகட்டில் பூசுவதற்குள் இறுகிவிட்டது. பாத்திரத்தைக் கவிழ்த்தேன், விழவில்லை. அகர் அகர் ஜெல்லிதான்.

அண்ணன் முதலாளியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்: “ஒரு நாள் பூஜையவே தாங்கல தம்பி. இது எங்கலா ஆயிரம் சார்ஜ் தாங்கப் போவுது?”

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி.

எடுபிடியானேன். அவருடைய பேட்டரி செல்களில் மின்சாரத்தை ஏற்றி இறக்கிச் சோதிப்பது என் வேலை. குளிரூட்டிய அறையில் வைத்து ஓட்டச் சொன்னார். நான் சூட்டுப்பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு சார்ஜுக்கும் கொள்ளளவு இறங்கியது, மாங்கனீசு கரைந்துகொண்டிருந்தது.

“யாரு உன்னை சூட்டுல வைக்கச் சொன்னா?”

“வெயில்ல நிக்கிற காரு இப்படித்தான் சுடும்ணே. காருக்குள்ள பேட்டரிய வைக்க மாட்டாங்களா?”

என் வாழ்நாளிலேயே ஆர்வமாகச் செய்த ஆராய்ச்சி அதுதான்.

கொள்ளளவு இறங்கும் வரைபடத்தைப் பார்த்த முதலாளி இரண்டையும் நிறுத்திவிட்டு ஜப்பானிலிருந்து தூள் வாங்கினார். டின்களைத் திறந்து சரிபார்க்கும் மேசையில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். அண்ணன் அடிக்கடி தும்முவார். தூளில் ஈரம் சேர்கிறது என்று நான் புகார் எழுதிக் கொடுத்தேன்.