தொட்டிப் பக்கம் இரும்பு ஆகாது

தோல் பதனிடும் ஆலையில் அவரை எல்லோரும் நாக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு வார்த்தை பேச வைப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். வேலம்பட்டையை இடித்து ஊறவைத்த தொட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. காலையில் வந்ததும் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை நனைத்து நுனிநாக்கில் வைப்பார். முகம் சுருங்கும். அது போதுமான அளவு சுருங்கவில்லை என்றால், அவர் சொல்வதற்கு முன்பே யாராவது புதுப் பட்டைக் கூடையைத் தூக்கிவிடுவார்கள். சாற்றின் திடத்தை அளந்து பார்க்கக் கண்ணாடி மிதவை ஒன்றும் உண்டு. நாக்கு ஒன்று சொல்லி மிதவை வேறு சொன்னால் மிதவையைத்தான் நம்புவார். "நேத்து நான் என்ன தின்னேன்னு அதுக்குத் தெரியாது பாருங்க" என்பார்.

பட்டையில் இருப்பது டேனின் என்னும் துவர்ப்புப் பொருள். புரதத்தைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத்தோலின் புரதத்தைப் பிடித்தால் தோல் அழுகாமல் செருப்பாகிறது, பையாகிறது. எச்சிலின் புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறண்டு சுருங்குகிறது. ஈறில் ரத்தம் கசிந்தால் பட்டைச்சாற்றில் வாய் கொப்பளிப்பது, வயிற்றுப்போக்குக்கும் பெண்களுக்கு மாதப்போக்கு மிஞ்சும் பெரும்பாட்டுக்கும் கஷாயம் கொடுப்பது, எல்லாம் இந்தப் பிடிப்பை நம்பித்தான். இதில் மந்திரமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. சில இடத்தில் கேட்கும், சில இடத்தில் கேட்காது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். டப்பாவில் தாடிக்காரர் படம் ஒட்டி எல்லா நோய்க்கும் விற்கிறவனும் சோதிப்பதில்லை, பட்டை என்றாலே மூக்கைச் சுளிக்கிறவனும் சோதிப்பதில்லை. இந்த விஷயத்தில் இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

டேனினுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரும்பு பட்டால் சாறு மை போலக் கறுத்துவிடும். தோலில் அந்தக் கறை விழுந்தால் எதற்கும் போகாது. அதனால் ஆலையில் வாளி மரம், கொக்கி பித்தளை. சாவிக்கொத்து, பேனாக்கத்தி, கொக்கி வைத்த இடுப்பு வார் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் வரலாம். ஒருமுறை முதலாளியே சாவியோடு வந்தபோது நாக்குக்காரர் கையை நீட்டினார்.

"என்னய்யா, என் ஆலைக்குள்ளயே எனக்குச் சோதனையா?"

"முதலாளி யாருன்னு தோலுக்குத் தெரியாதுங்க."

முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நாக்குக்காரரின் மனைவி தையல்காரி. மிஷினில் உட்கார்ந்தால் வாயும் ஊசியும் ஒரே வேகத்தில் ஓடும். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. உதிரப்போக்கு தொடங்கினால் நிற்காது. உதடு வெளுத்தது, மிதிக்கிற கால் ஓய்ந்தது, பேச்சும் குறைந்தது. கட்டியை எடுத்தே ஆகவேண்டும்; ஆனால் இந்த ரத்த அளவில் ஆபரேஷன் செய்தால் உயிருக்கு ஆபத்து, முதலில் அந்த அளவை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா. போக்குக்கு ஒரு மாத்திரை, ரத்தம் ஊற ஒரு மாத்திரை எழுதினார். மருந்தைக் கொடுத்த நர்ஸ் இரண்டாவதைக் காட்டி, "இது ரத்த மாத்திரை" என்றாள். அவ்வளவுதான். அது என்ன மருந்து என்று அட்டையில் அச்சடித்திருந்தது. எறும்பைவிடச் சின்ன எழுத்தில், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில்.

தண்ணீரோடு விழுங்கினால் அவளுக்கு ரத்த மாத்திரை குமட்டியது. நாக்குக்காரர் யோசித்தார். ஆலையிலிருந்து நல்ல பட்டையாகப் பொறுக்கி வந்தார். இரும்புச்சட்டி ஆகாது என்று புதிதாக ஒரு மண்சட்டி வாங்கினார். விடியற்காலையில் எழுந்து, அவள் தூக்கம் கெடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, கஷாயம் காய்ச்சினார். சர்க்கரை போட்டு, ஆற்றி, மாத்திரையோடு நீட்டினார்.

"போக்கும் நிக்கும், மாத்திரையும் இறங்கும்."

"ஆலைல தோலு, வீட்டுல நானா?" என்று கேட்டபடியே அவள் குடித்துவிட்டாள். குமட்டவில்லை. தினமும் அப்படியே நடந்தது.

அடுத்த சோதனையில் ரத்தம் ஏறவில்லை. அதற்கடுத்த முறையும் ஏறவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது. நர்ஸ், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியே சொன்னாள்: "மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு இங்க வந்து பொய் சொல்லவேண்டியது. உங்களுக்கெல்லாம் இலவசமா குடுத்தா இப்படித்தான்."

ஏழைப் பெண்ணின் உடம்பு தேறாவிட்டால் ஏன் என்று கேட்க இந்த உலகத்தில் ஆளில்லை. பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்ட மட்டும் ஆள் வரிசையில் நிற்கிறது. பணம் கட்டிப் பார்க்கிற நோயாளியிடம் அந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "நான் பொய் சொல்றேனாங்க?"

"நான்தானே கையில குடுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

மறுநாள் கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சினார். நாக்கில் வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

ஒரு காலையில் மாத்திரை தொண்டையில் சிக்குகிறது என்று அதை இரண்டாக உடைத்தாள். ஒரு பாதி கைதவறித் தம்ளரில் விழுந்தது. எடுக்கலாம் என்று குனிந்தவள் நிமிரவில்லை.

"ஏங்க, இங்க வாங்களேன். கஷாயம் கறுக்குது."

பழுப்புச் சாற்றில் கறுப்பு புகைபோலச் சுருண்டு பரவிக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க அந்தக் கறுப்பைத் தொட்டிப் பக்கம் அண்டவிடாமல் காவல் காத்தவர் அவர். இரண்டாம் முறை பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"இது இரும்பும்மா."

"மாத்திரைல இரும்பா? நான் என்ன கதவா, தாழ்ப்பாளா?"

அவர் சிரிக்கவில்லை. தம்ளரில் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரத்தம் ஊற இரும்புதான் வேணும். அதைத்தான் மாத்திரையா குடுக்கறோம். கஷாயத்துல இருக்கற துவர்ப்பு அதைக் கெட்டியா பிடிச்சுக்குது. உடம்புல சேரவிடாது. எதோட முழுங்கறீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான்."

"அப்ப அவ சாப்பிட்டதெல்லாம்?"

"பெரும்பகுதி வீணாத்தான் போயிருக்கும். ஆபரேஷன் வரைக்கும் கஷாயம் வேண்டாம். டீயையும் மாத்திரையை விட்டுத் தள்ளியே குடிங்க. எலுமிச்சைச் சாறோட முழுங்கிப் பாருங்க, குமட்டாது, இரும்பும் நல்லா சேரும்."

வெளியே மரப்பெஞ்சில் அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. "என் கையாலயே உன் உடம்பக் கெடுத்தேனே. சட்டிக்குப் பாத்தேன், உனக்குப் பாக்கலயே."

"நீங்க பதப்படுத்தின பதத்துக்கு என் வயிறு இந்நேரம் நல்ல தோலாயிருக்கும். வெட்டிக் குடுங்க, பையா தைச்சு வித்துடலாம்."

"விளையாடாத."

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? தெனமும் இருட்டுல எந்திரிச்சுக் காய்ச்சினவர் மேல கோவப்படவா?" முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "மூக்கையும் சிந்துங்க. ஆலைக்காரங்க யாராவது பாக்கப்போறாங்க."

அதன்பிறகு விடியற்காலையில் அவர் எலுமிச்சை பிழிந்தார். சில வாரங்களில் அவள் உதட்டுக்கு நிறம் வந்தது. பக்கத்துவீட்டுக்காரி பிளவுசை இறுக்கிவிட்டதாகச் சண்டைக்கு வந்தபோது, "நீ பெருத்ததுக்கு என் ஊசி என்ன பண்ணும்?" என்று ஒரு பிடி பிடித்தாள். உள்ளே இருந்த நாக்குக்காரர் அதைச் சங்கீதம் போலக் கேட்டார்.

மறுபடி சோதித்தார்கள். "ஏறியிருக்கு. இன்னிக்கே சேந்துடுங்க, நாளைக்கு ஆபரேஷன்" என்றார் டாக்டரம்மா.

வார்டுக்குச் சீட்டு எழுதியவள் அதே நர்ஸ். தலை நிமிராமலே எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள். "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா."

"பேசிட்டீங்க. எனக்கு ரொம்ப வலிச்சுது" என்றாள் தையல்காரி. "அடுத்து வர்றவளையாவது கேளுங்க."

பின்னால் மெலிந்த பெண்ணொருத்தி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். நர்ஸ் மாத்திரை அட்டையை அவளிடம் நீட்டப்போய், நிறுத்தினாள். "இது இரும்பு மாத்திரை. எதோட முழுங்குவ?"

"டீயோடதான்க்கா."

"உட்காரு. சொல்றேன்."

வார்டு மாடியில் இருந்தது. நாக்குக்காரர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க. தள்ளிப்போகுதே, தள்ளிப்போகுதேன்னு இத்தனை நாளா அழுதேன். இப்ப நாளைக்குன்னதும் பயமா இருக்கு."

அவர் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார்.

இருவரும் ஏறினார்கள்.