இரண்டு தரம் அச்சான வரி

கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை. 1977 டிசெம்பர், சிட்னியின் வெஸ்ட்மீட்டில் தார் ரோட்டு இளகுகிற வெயில். சந்திரவதனா ஃபிளாட் படியில் நின்றபடியே உறையைக் கிழித்து வாசித்தாள். ஜெனரல் ஸ்டடீஸ் பரீட்சையில் அவளுடைய விடைத்தாளில் ஒரு முறைகேடு காணப்பட்டிருக்கிறதாம். வியாழன் மூன்று மணிக்குக் கல்லூரிப் பதிவாளரைச் சந்திக்கட்டாம். இரண்டே வரி.

இலங்கையில் எட்டு வருசம் விலங்கியல் படிப்பித்தவள் அவள். அவளுடைய பட்டத்தைச் சிட்னியில் வாங்கிப் பார்த்தவர்கள், நல்ல மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கிடைத்தது போத்தல் கழுவுகிற வேலை. இரண்டு வருசம் கழுவினாள். அசோசியேட் டிப்ளோமா படிக்கத் தொடங்கிய பிறகுதான் நுண்காட்டிக்கு முன்னால் உட்கார ஒரு கதிரை கொடுத்தார்கள், அதுவும் தற்காலிகமாக. இந்த டிசெம்பர் முடிவதற்குள் டிப்ளோமா கையில் இருந்தால் கதிரை அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆள் வரும், அவள் மறுபடியும் போத்தல் கழுவுகிற தொட்டியடிக்குப் போக வேண்டும்.

டிப்ளோமாவுக்குப் பன்னிரண்டு பாடம். இரத்தம், கிருமி, இரசாயனம் என்று பதினொன்றை ஊதித் தள்ளிவிட்டாள். பன்னிரண்டாவதுதான் இந்த ஜெனரல் ஸ்டடீஸ். என்ன தொழில் படித்தாலும் உலக விஷயமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரி எல்லோர் தலையிலும் கட்டியிருந்த பாடம். இரத்தம் சோதிக்கிறவளுக்குப் பிரஜையும் அரசும் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. புத்தகத்தை வாங்கினாள், பாடமாக்கினாள்.

பாடமாக்குவது என்றால் சும்மா இல்லை. ஆறாம் அத்தியாயம், 'சட்டமும் தனிமனிதனும்', இருபத்திரண்டு பக்கம். வேலைக்குப் போகிற ரயிலில் பத்து வரி, வருகிற ரயிலில் பத்து வரி. காற்புள்ளி தப்பாது. அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு தரம் அச்சாகியிருந்தது. யாரோ அச்சுக்கூடத்தில் கண்ணயர்ந்திருக்க வேண்டும். அவளோ, எழுதியவர் அழுத்திச் சொல்கிறார் என்று நினைத்து, அதையும் இரண்டு தரமாகவே பாடமாக்கினாள். புத்தகம் பிழைவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த நாட்களில்தான் தம்பி வரதராஜாவின் நீலக் கடிதம் வந்தது. அநுராதபுரத்தில் கிளார்க்காக இருந்தவன். தமிழரை அடித்து விரட்டிய ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் அகதிகள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து எழுதியிருந்தான். ரயிலில் அவசரமாக ஒரு தரம் வாசித்தவள் மடித்து அறுபத்தோராம் பக்கத்தில் வைத்துவிட்டு, கடிதத்தின் மேலாகவே பாடத்தைத் தொடர்ந்தாள். பாடமாக்குகிற நேரத்தில் வேறொன்றையும் நினைக்கத் தேவையில்லை. அவளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

தபால் கந்தோரில் கடிதம் தரம் பிரிக்கிற அவள் கணவன் தேவராஜா வந்ததும், கல்லூரிக் கடிதத்தை நீட்டினாள். அவன் மூன்று தரம் வாசித்தான்.

"உண்மையைச் சொல்லும் வதனா. புத்தகத்தை உள்ளுக்குக் கொண்டு போனனீரோ?"

"என்னப்பா நீங்களும்! பாடமாக்கித்தானே எழுதினனான்."

"அப்ப ஏன் கூப்பிடுறாங்கள்?"

"தெரியேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"பயப்பிடாதையும்," என்றான். அவனுடைய தேத்தண்ணீர்க் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டைப் போட்டு உடைத்தாள். களவெடுத்துப் பிடிபட்டவள் என்று பேர் வந்தால் தொட்டியடியும் மிஞ்சாது. எங்கே தப்பினேன், எங்கே தப்பினேன் என்று விடைத்தாளை மனதுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தப்பவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வியாழன் தேவராஜா அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தான். கல்லூரி வாசலில் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்துகொண்டான்.

உள்ளே பதிவாளர், வழுக்கைத் தலை. பக்கத்தில் ஜெனரல் ஸ்டடீஸ் விரிவுரையாளர் மிஸிஸ் ஹாலொரன், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மேசையில் விடைத்தாளும் புத்தகமும் அருகருகே விரிந்து கிடந்தன. இரண்டிலும் ஒரே இடத்தில் சிவப்புக் கோடு.

"அச்சுப் பிழையைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள்," என்றார் பதிவாளர். "புத்தகம் பக்கத்தில் இல்லாமல் இது எப்படி முடியும்?"

அச்சுப் பிழையா? தான் கற்ற இங்கிலீஷில் உண்மையைச் சொன்னாள்: "ஐ பைஹார்ட்டட் இற், சேர்."

பாடமாக்கினேன் என்பதற்கு அவளுடைய ஊரில் பள்ளிக்கூடம் முழுக்கப் பேசிய இங்கிலீஷ் அது. இந்த அறையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பதிவாளர் முன்னால் குனிந்தார். "உங்களுக்கு இதய வருத்தமா? பரீட்சை நேரத்தில் சுகமில்லாமல் இருந்ததா?"

"இல்லை சேர். பைஹார்ட். புத்தகம் முழுவதும்." அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஆறாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கினாள். மிஸிஸ் ஹாலொரன் புத்தகத்தை எடுத்து விரலால் தொடர்ந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். அறுபத்தோராம் பக்கம் வந்ததும் அந்த வரியை இரண்டு தரம் சொன்னாள். பதிவாளர் நிறுத்தும்படி கையைக் காட்டினார்.

"களவு இல்லை," என்றார், கொஞ்சம் பயந்துபோய்.

அவளுக்கு மூச்சு வந்தது. மிஸிஸ் ஹாலொரன் புத்தகத்தை மூடினார்.

"களவு இல்லை. ஆனால் நான் பாஸ் போட முடியாது. இது புத்தகம் சொல்வது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி இதில் இல்லை. இந்தப் பாடத்தை வைத்ததே அதற்காகத்தான்." ஒரு வெற்றுத் தாளை நகர்த்தினார். "பக்கத்து அறையில் அரை மணித்தியாலம் தருகிறேன். இந்த அத்தியாயத்தை ஏற்கிறீர்களா, ஏன்? இல்லையென்றால் பெப்ரவரியில்தான் திரும்பவும் சோதனை."

பெப்ரவரியில் கதிரையில் வேறு ஆள் இருக்கும்.

பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒரு மணிக்கூடு. முப்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறாள், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. பத்து நிமிடம் போனது. தாள் வெள்ளையாகவே கிடந்தது. என்னிடம் ஒன்றுமே இல்லையோ என்று நினைத்தபோது வந்த பயம், பிடிபட்டேன் என்ற பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

வேறு வழியில்லாமல் கண்ணை மூடிப் பக்கத்தைக் கூப்பிட்டாள். அறுபத்தொன்று வந்தது. பாடமாக்கிய மாதிரியே வந்தது, நடுவில் வரதராஜாவின் நீலக் கடிதத்தோடு. மேலே இரண்டு தரம் அச்சான வரி: 'சட்டத்துக்கு அடங்கித் தன் வீட்டில் இருக்கிற மனிதன் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.' கீழே தம்பியின் சரிந்த எழுத்து: 'அக்கா, நாங்கள் வீட்டுக்குள்ளைதான் இருந்தனாங்கள். கதவைக் கொத்தினாங்கள். காவலுக்கு வந்தவங்கள் மதிலிலை சாய்ஞ்சு பாத்துக்கொண்டு நிண்டாங்கள்.'

மூன்று மாதமாக இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. எழுதத் தொடங்கினாள். இங்கிலீஷ் உடைந்தது, திருத்தவில்லை. தம்பி ஒரு சட்டமும் மீறவில்லை என்று எழுதினாள். அவனுடைய சின்னவளுக்கு நாலு வயது, இப்போது கதவு சாத்துகிற சத்தத்துக்கே மேசைக்குக் கீழே போய்விடுகிறாள் என்று எழுதினாள். ஒரு பக்கம் நிறைந்தது.

மிஸிஸ் ஹாலொரன் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். சந்திரவதனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புத்தகத்தை எதிர்த்து எழுதியாயிற்று, இனித் தொட்டிதான் என்று முடிவே கட்டிவிட்டாள். சிவப்புப் பேனை தாளில் உரசியது. எழுபத்தொரு புள்ளிகள்.

"உங்கள் தம்பி இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார்.

"இப்பவும் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில்தான், மிஸிஸ்."

வாசலில் தேவராஜா துள்ளி எழுந்தான். "என்ன சொன்னவை? உம்மடை முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"பாஸ். ஆனா, இஞ்சாருங்கோ, புத்தகத்திலை ரெண்டு தரம் அச்சடிச்சிருந்த வரி பிழையெண்டு எழுதிப்போட்டன்."

"புத்தகத்தையோ! ரெண்டு தரம் அச்சடிச்ச வரியையோ?"

"ஓம்," என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு தரமும் பிழையப்பா."