ஆடாத படம்

படம் ஆடினால் ஸ்டூடியோக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கும் தங்கையை, தானும் பின்னாலேயே சைக்கிள் ஓட்டிப் படமெடுக்கத் தொடங்கியதும் அந்தக் கோபம் இரட்டிப்பானது. ஹெல்மெட்டில் மாட்டிய கேமரா தலையாட்டி பொம்மையாய் ஆடியது. கடைசியில் அதை நெஞ்சோடு வாரால் இறுக்கிக் கட்டினார். சீட்டை விட்டு எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி ஓட்டினால் குலுக்கலை உடம்பே வாங்கிக்கொண்டது.

"பிரேக்கை மட்டும் சட்டுனு பிடிச்சிடக் கூடாது, படம் தூக்கிப்போடும்," என்பார்.

அன்று ஈரப்பாறைத் திருப்பத்தில் தங்கையின் முன்சக்கரம் வழுக்கி, அவள் சைக்கிளோடு உருண்டாள். அவர் அவளைத் தாண்டிக் கொஞ்சதூரம் போய்த்தான் நின்றார். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தவள் முதலில் கேட்டது வீடியோவைத்தான். வேறு வழியில்லாமல் பெரிய திரையில் ஓடவிட்டார். சக்கரம் வழுக்கியது. அவள் விழுந்து, திரையின் ஓரத்தில் நழுவி மறைந்தாள். பாதை மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் நகர்ந்துகொண்டே இருந்தது.

திரும்ப ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் விழுந்தப்பகூடப் படம் ஆடலையேண்ணா," என்றாள்.